பனிச்சறுக்கு வீரர்களின் சமநிலை: அளப்பதும் பழக்குவதும் – கேள்வி பதில்

கேள்வி (பெர்னில் வசிக்கும் ஒரு தாயார்): என் மகளுக்கு 14 வயது, அல்பைன் பனிச்சறுக்குப் போட்டிகளுக்குப் பயிற்சி எடுக்கிறாள். விசையை அளக்கும் தட்டின் மீது வெறுங்காலுடன் 30 விநாடி நிற்கவைத்துச் சோதித்தபோது, பனியில் அவளைவிடப் பின்தங்கிய பிள்ளைகள் நல்ல மதிப்பெண் பெற்றார்கள். நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். பாதத்தின் கீழ் அழுத்த மையம், அதாவது உடலின் எடை வந்து அழுத்தும் புள்ளி, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் அலைகிறது என்பதைத்தான் அந்தத் தட்டு பதிவுசெய்கிறது. 2005-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் தேசிய அளவிலான வீரர்களையும் வட்டார அளவிலான வீரர்களையும் ஒப்பிட்டபோது, காலணி இல்லாமல் நின்ற சோதனையில் தேசிய அளவினரே கூடுதலாகத் தள்ளாடினார்கள். சறுக்குக் காலணி அணிந்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. விறைப்பான அந்தக் காலணி கணுக்காலை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால், ஆண்டுக்கணக்கில் அதை அணிபவர்கள் முழங்காலையும் இடுப்பையும் கொண்டே உடலைச் சரிசெய்யப் பழகிவிடுகிறார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். காலணியுடன், முழங்கால் மடக்கிய நிலையில் ஒருமுறை அளந்து தரும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள்.

கேள்வி (இளையோர் பயிற்றுநர்): எங்களிடம் அத்தகைய கருவி இல்லை. வேறு எப்படி அளப்பது?

பதில்: ஒய் பேலன்ஸ் சோதனைக்குத் தரையில் Y வடிவில் ஒட்டிய மூன்று பட்டைகளும் ஓர் அளவு நாடாவும் போதும். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மறுகாலை முன்புறமும், பின்புறத்தில் உள்நோக்கியும் வெளிநோக்கியும் எட்டும் மட்டும் நீட்ட வேண்டும். மூன்று தூரங்களையும் கூட்டி, காலின் நீளத்தைப் போல் மூன்று மடங்கால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். கால் நீளம் 80 செ.மீ., எட்டிய தூரங்கள் 62, 84, 82 என்றால் 228-ஐ 240-ஆல் வகுக்க 95 சதவீதம் வரும். அந்த மொத்தத்தைவிட, இடது வலது கால்களுக்கு இடையிலான வேறுபாட்டையே நான் முதலில் பார்ப்பேன். ஏனெனில் ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிக்காலே, அதாவது வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் காலே, பெரும்பகுதிச் சுமையைத் தாங்குகிறது, பலவீனமான கால் வெளிக்காலாக அமையும் திருப்பம் கெடும். முன்புற எட்டலில் 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் வேறுபாடு இருந்த பள்ளிக் கூடைப்பந்து வீரர்களுக்குக் கால் காயங்கள் அதிகம் நேர்ந்ததாக ஓர் ஆய்வு உண்டு. அந்த அளவை அப்படியே பனிச்சறுக்குக்குப் பொருத்த முடியாது என்றாலும், எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

கேள்வி: காலையில் அளப்பதா, பயிற்சி முடிந்த பிறகா?

பதில்: எப்போது அளந்தாலும் அதே வேளையில்தான் மறுமுறையும் அளக்க வேண்டும், களைத்த கால் வேறு எண்ணைத் தரும்.

கேள்வி: அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை மிகேலா ஷிஃப்ரின் சிறுவயதில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டிப் பழகியதாகச் சொல்கிறார்கள். அதுவும், இரு முனைகளுக்கு இடையே கட்டி மேலே நடந்து பழகும் ஸ்லாக்லைன் கயிறும் உண்மையில் உதவுமா?

பதில்: பிள்ளைகளுக்கு அவை நல்ல விளையாட்டு, நான் தடுக்கமாட்டேன். ஆனால் கயிற்றில் பழகியவர் பெரும்பாலும் கயிற்றில்தான் தேறுகிறார், அந்தத் தேர்ச்சி வேறு செயல்களுக்கு மிகக் குறைவாகவே போய்ச் சேர்கிறது. ஆகவே நேரம் குறைவாக இருந்தால், பக்கவாட்டில் ஒற்றைக் காலால் தாவி இறங்கி, முழங்கால் உள்ளே சாயாமல் இரண்டு விநாடி நிலைத்து நிற்கும் பயிற்சிக்கே அதைக் கொடுங்கள். பனியில், சரிவு குறைந்த இடத்தில் திருப்பம் முழுவதும் உட்பலகையைத் தூக்கியபடி சறுக்குவதும், காலணியின் கொக்கிகளைத் தளர்த்திக்கொண்டு மெதுவாகச் சறுக்குவதும் வேறெந்தக் கருவியையும்விடத் தெளிவாக உண்மையைச் சொல்லும்: எடை குதிகாலுக்குப் போன கணமே பலகை சொல்பேச்சு கேட்காது.

கேள்வி: சமநிலைப் பயிற்சி முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல் தசைநார் கிழிவதைத் தடுக்குமா?

பதில்: தடுத்துவிடும் என்று உறுதி கூறமாட்டேன். உலகக் கோப்பைப் பந்தயங்களில் நேர்ந்த 20 ஏ.சி.எல் காயங்களின் காணொளிகளை ஆராய்ந்ததில், 10 காயங்கள் ஒரே விதமாக நிகழ்ந்திருந்தன. வீரர் பின்னோக்கியும் உட்பக்கமாகவும் சாய்கிறார். வெளிப்பலகை பனியின் பிடியை இழக்கிறது. அதை மீட்க அவர் காலை நீட்டும்போது பலகையின் உள்விளிம்பு திடீரெனப் பனியைக் கவ்வி, முழங்காலை உள்நோக்கித் திருகிவிடுகிறது. விளிம்பு கவ்விய பிறகு எந்தப் பயிற்சியாலும் காலைக் காப்பாற்ற நேரமில்லை. பயிற்சி உதவக்கூடிய இடம் அதற்கு முந்தைய சாய்வுதான். அதனால்தான் பின்னால் தள்ளப்பட்ட உடலை வெளிக்காலின் மேல் மீண்டும் கொண்டுவரும் பயிற்சிகளுக்கு, அசையாமல் நிற்கும் பயிற்சிகளைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்கிறேன்.