வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் எதிர்பார்க்கும் பாதுகாப்பும் காவல்துறை கருதும் பாதுகாப்பும் ஒன்றுதானா?

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஆறு அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் விடுதியை நானும் என் மனைவியும் பதினான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். தங்க வருவோரில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள். அவர்களிலும் தனியாக வரும் பெண்களே அதிகம். அவர்களுக்காகப் பலமுறை காவல் நிலையப் படியேறியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் ஒன்றல்ல. வெளிநாட்டவருக்குப் பெரிதாக ஏதும் நேர்ந்துவிடக் கூடாதே என்பது காவல்துறையின் கவலை. சிறிதாக ஏதேனும் நேர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது பயணியின் கவலை.

காவல் நிலையத்துக்கு ஒரு வெளிநாட்டவர் முதலில் அறிமுகமாவது ஒரு படிவமாகத்தான். அவர் அறைக்குள் நுழைந்த 24 மணி நேரத்துக்குள், பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், எங்கே செல்கிறார் என்ற விவரங்களையெல்லாம் இணையத்தில் பதிவேற்றுவது விடுதி நடத்துபவரின் சட்டக் கடமை. தொழிலில் இருப்பவர்கள் இதனை இன்றும் ‘சி ஃபார்ம்’ என்றே சொல்கிறோம். 1939, 1946ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களை நீக்கி 2025இல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்த பின்பும் இந்தக் கடமை தொடர்கிறது. இது தேவையற்றது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். காணாமற்போன ஒருவரைத் தேட நேர்ந்தால் முதலில் உதவப்போவது அந்தப் பதிவுதான். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு நிலையத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு, “சார், இன்னைக்கு எத்தனை ஃபாரினர்?” என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு ஏதேனும் தொல்லை உண்டா என்று இத்தனை ஆண்டுகளில் இரண்டே அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொரு பார்வை, பந்தோபஸ்துப் பார்வை. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோதும், 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் அங்கே நடந்து 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் வந்திறங்கியபோதும், இந்தச் சாலையில் அடிக்கொரு காவலர் நின்றார். அவ்வளவு பெரிய ஏற்பாட்டைக் குறையின்றிச் செய்து முடித்த அதே துறைக்கு, சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் கைப்பை தொலைந்து அழுதுகொண்டு நிற்கும் ஒரு பெண்ணை எப்படிக் கையாள்வது என்ற பயிற்சி ஏனோ கிடைப்பதில்லை.

அப்படி ஒரு மாலையை விவரித்தால் நான் சொல்வது விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் தங்கியிருந்த ஜெர்மானியப் பெண் ஒருவர், கடற்கரையில் மணலில் வைத்திருந்த பையைப் பறிகொடுத்தார். உள்ளே ஒரு கைப்பேசி, ஒரு கேமரா, கொஞ்சம் பணம். நல்லவேளையாகப் பாஸ்போர்ட் அறையில் இருந்தது. நான்தான் அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். எந்த ஊர், எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. ஏட்டய்யா ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, தேநீர் வரவழைத்தார். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உதவி ஆய்வாளர் கேட்ட முதல் கேள்வி, “பையைத் தனியா விட்டுட்டு ஏன் குளிக்கப் போனாங்க?” என்பது. அடுத்து, “கிடைக்கிறது கஷ்டம் சார், எதுக்கு வீணா கம்ப்ளெயிண்ட்?” என்றார்.

அந்தப் பெண் பொருள் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வரவேயில்லை. தம் நாட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் காட்ட, பொருளின் விவரமும் தேதியும் முத்திரையும் கொண்ட ஒரு தாள்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அதை அதிகாரிக்குப் புரிய வைக்கவே அரை மணி நேரம் ஆனது. புரிந்த பிறகு அவர் தயங்கவில்லை. கைப்பேசி வாங்கிய ரசீதை அந்தப் பெண் தம் மின்னஞ்சலில் தேடி எடுக்க, அதிலிருந்த பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண்ணை, நான் உரக்கப் படிக்க, நிலைய எழுத்தரான ரைட்டர் ஒவ்வோர் இலக்கமாக எழுதினார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வந்தது. ஆனால் அது முழுவதும் தமிழில் இருந்தது. விடுதிக்குத் திரும்பி, என் மனைவி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்தார். மறுநாள் காலை அதன் கீழே உதவி ஆய்வாளர் கையொப்பமிட்டு முத்திரை வைத்தார். மொத்தத்தில் இரண்டு நடை, ஒரு முத்திரை. அதற்குள் அந்தப் பெண்ணின் மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் போய்விட்டது.

அதிகாரிகளின் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருக்கிறது. புகார் கொடுப்பவர் நாளை மறுநாள் விமானம் ஏறிவிடுவார். அடையாள அணிவகுப்புக்கும் சாட்சி சொல்லவும் வரமாட்டார். வழக்கு மட்டும் நிலையத்தின் நிலுவைக் கணக்கில் கிடக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பல நிலையங்களில் புகாரைப் பேசித் தீர்க்கப் பார்க்கிறார்கள். ஆயினும் சட்டம் இவ்விடத்தில் எப்போதோ முன்னே சென்றுவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் சாட்சியைக் காணொளி வழியாக விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே, பிரஃபுல் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய வழிவகுக்கிறது. புதுச்சேரிப் பேருந்தில் பணத்தைப் பறிகொடுத்தவரை “அது எங்க லிமிட் இல்ல” என்று திருப்பி அனுப்ப இனி இடமில்லை. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் அனுப்பும் தகவலும், அனுப்பியவர் மூன்று நாளுக்குள் கையொப்பமிட்டால், பதிவுக்கு எடுக்கப்பட வேண்டும்.

பெண் பயணிகள் என் மனைவியிடம் சொல்பவற்றில் பெரும்பகுதி, காவல்துறையின் கணக்கில் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற வகையைச் சேர்ந்தது. அனுமதி கேளாமல் படம் எடுப்பது, கடற்கரையிலிருந்து அறை வரை பைக்கில் பின்னாலேயே வருவது, மறுநாளும் அதே முகம் தெருமுனையில் நிற்பது ஆகியவற்றை அவர்கள் அச்சத்தோடு சொல்கிறார்கள். பேச விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிந்த பின்பும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் நிலையத்தில் சொன்னால், “இருட்டினதும் வெளியே போக வேணாம்னு சொல்லுங்க” என்ற அறிவுரை வருகிறது. அக்கறையில்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. தம் வீட்டுப் பெண்களுக்கும் அதையே சொல்வார்கள். எனினும், அந்த அறிவுரையைக் கேட்ட பெண் அதற்குப் பிறகு எதையும் நிலையத்தில் சொல்ல மாட்டார். பின்தொடர்ந்தவன் நாளை இன்னொருவரின் பின்னால் போவான். என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்கான விடையில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

கடல் இன்னோர் ஆபத்து. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையே குளித்தால் உயிர்காப்பாளர் பார்த்துக்கொள்வார் என்ற வழக்கத்தில் வளர்ந்தவர்கள் இவர்கள். தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற கோவளம் போன்ற சில இடங்களைத் தவிர, இந்தக் கரையில் அவர்கள் தேடும் கொடி எங்கும் இல்லை. ‘ஆபத்தான பகுதி’ என்று பலகை நிற்கிறது. கரையிலிருந்து உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டம் எந்த இடத்தில், எந்த மாதத்தில் கடுமையாக இருக்கும் என்பது மீனவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே எங்கள் விருந்தினர்களை முதல் நாளே பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்று கடலைக் காட்டச் சொல்கிறோம்.

மொழியைப் பொறுத்தவரை வழி இருக்கிறது, தெரிந்தவர்கள்தான் குறைவு. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் 1363 என்ற உதவி எண்ணில் இந்தி, ஆங்கிலத்தோடு ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம் உள்ளிட்ட பத்து வெளிநாட்டு மொழிகளில் பேச முடியும். நிலையத்தில் இருக்கும் காவலரே அந்த எண்ணை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுப் பேசலாம். ஒருமுறை பிரெஞ்சு முதியவர் ஒருவருக்காக நாங்கள் அப்படிச் செய்து காட்டியபோது, அங்கிருந்த பெண் காவலர் அந்த எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்துக்கொண்டார்.

விடுதி அல்லது ஹோம் ஸ்டே நடத்துபவர் யாரேனும் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். பிரச்சினை வந்த பிறகு முதன்முறையாக நிலையத்துக்குச் செல்லாதீர்கள். சுற்றுலாக் காலம் தொடங்கும் முன்பே ஒரு நாள் சென்று ஆய்வாளரைப் பாருங்கள். காப்பீட்டுக்கான தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அவரிடம் விளக்குங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகத்தின் அவசரப் பயண ஆவணத்துக்கும், அதன்பின் நாட்டை விட்டு வெளியேறும் அனுமதிக்கும் அடிப்படையே காவல் நிலையத்தின் அறிக்கைதான் என்பதையும் சொல்லுங்கள். சென்ற டிசம்பரில் நாங்கள் அப்படிச் சென்றபோது, ஆங்கிலத்தில் நாங்களே தயாரித்த ஒரு பக்க மாதிரிப் படிவத்தைக் கொடுத்தோம். ஆய்வாளர் அதை இருமுறை படித்துவிட்டு, பொருளின் மதிப்பை எழுத ஒரு கட்டம் விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, அதையும் சேர்த்து இருபது பிரதிகள் கொண்டுவரச் சொன்னார்.