வெட்டப்பட்ட 349 யூரோ யாருடைய விலை?

தம்பி, ஜேர்மனியில் முதன்முறையாக நவம்பர் மலிவு விற்பனையைக் காணும் நீங்கள், 349 யூரோவை வெட்டி 199 யூரோ என்று போட்டிருக்கும் ஹெட்போனுக்கு 43 சதவீதக் கழிவு உண்மையாகவே கிடைக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். கணக்குச் சரிதான், ஆனால் வெட்டப்பட்ட அந்த 349 யாருடைய விலை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2022 மே 28 முதல் இங்கு நடைமுறையிலுள்ள விதிப்படி, தன் பழைய விலையோடு ஒப்பிட்டு விலைக்குறைப்பை அறிவிக்கும் கடை, அதற்கு முந்திய 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையும் தெரிவிக்க வேண்டும். அதைச் சின்ன எழுத்தில் மூலையில் போட்டுவிட்டு, வேறொரு பெரிய விலையிலிருந்து சதவீதத்தைக் கணக்கிடக் கூடாது என்று 2024 செப்டெம்பரில் ஆல்டி சூட் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (வழக்கு வாழைப்பழமும் அன்னாசிப்பழமும் பற்றியது என்றாலும், ஹெட்போன் வாங்குபவருக்கும் அது உதவுகிறது.)

ஆயினும் ஒலிக்கருவி விளம்பரங்களில் வெட்டப்படும் விலை பல வேளைகளில் கடையின் பழைய விலையே அல்ல, 'யு.வி.பி.' என்ற மூன்றெழுத்தோடு வருகிற, உற்பத்தியாளர் பரிந்துரைத்த விலையாகும். 30 நாள் விதி அதைக் கட்டுப்படுத்தாது. 2022இல் வந்த சோனி எக்ஸ்எம்5 போன்ற ஒரு ஹெட்போனுக்குப் பின் 2025இல் எக்ஸ்எம்6 வந்துவிட்ட நிலையில், பழையதன் சந்தை விலை இறங்குவது இயல்பு. அப்போதும் அறிமுக காலத்து விலையையே வெட்டிக் காட்டினால் சதவீதம் பெரிதாகத்தான் தெரியும்.

ஆகவே மாடல் இலக்கத்தை ஓரெழுத்தும் பிசகாமல் இடேஆலோ, கைட்ஸ்ஹால்ஸ் ஆகிய விலை ஒப்பீட்டு இணையத்தளங்களில் ஒன்றில் தேடி, அங்குள்ள விலை வரைபடத்தில் கடந்த சில மாதங்களைப் பாருங்கள். கோடை முதலே 209 யூரோவுக்குக் கிடைத்திருந்தால், உங்களுக்குக் கிடைக்கும் கழிவு பத்து யூரோதான். ஒரே கடைக்கென்று சற்று மாற்றிய இலக்கத்தோடு வரும் பொருட்களை இப்படி ஒப்பிட முடியாது என்பதால், நான் அவற்றை வாங்குவதில்லை.

'விற்பனை வரி இலவசம்' என்ற அறிவிப்பையும் காண்பீர்கள். வரி 19 சதவீதம் என்றாலும், அது ஏற்கெனவே விலைக்குள் அடங்கியிருப்பதால், 500 யூரோ ஒலிபெருக்கிக்கு நீங்கள் கொடுப்பது ஏறத்தாழ 420 யூரோ. அதாவது கழிவு 16 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

விலை சரியென்று கண்டால் இணையத்தில் வாங்குவதே நல்லது. பொருள் கைக்கு வந்தபின் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் கொள்வனவிலிருந்து விலகும் உரிமை அதற்குண்டு, நேரில் கடையில் வாங்கினால் அது கடைக்காரரின் பெருந்தன்மையைப் பொறுத்தது. ஆனால் பெயர் தெரியாத இணையக் கடையொன்று எல்லோரையும்விட மிக மலிவாகக் கொடுத்து, பொருளை அனுப்புமுன் வங்கி வழியாகப் பணம் செலுத்துவதை மட்டுமே ஏற்போம் என்றால், விலை வரைபடம் வரை போகவே வேண்டியதில்லை, அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.