மிதக்கும் பலகை வீடியோ நிஜமா, கிராபிக்ஸா?

தரையில் படாமல் மிதக்கும் பலகையில் ஒருவர் ஏறிப் போகிற வீடியோவைப் போட்டு, இதை நம்பி முன்பதிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி ஒரு வீடியோவை நம்பி என் தம்பி முன்பணம் கட்டி, பொருளும் வராமல் பணமும் திரும்பாமல் நின்றான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த மாதிரி வீடியோ வந்தால் நான் பலகையைப் பார்ப்பதில்லை, ஆளின் இடுப்பைப் பார்ப்பேன். 2014 மார்ச்சில் ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் மிதக்கும் பலகையில் போவதாக ஒரு வீடியோ வந்தது. நானும் நம்பினேன். சில நாளிலேயே, கம்பியில் தொங்கவிட்டு எடுத்தது என்று தெரிந்தது. ஹாக்கே மன்னிப்புக் கேட்டார். இப்போது அதை மறுபடி பாருங்கள். பலகையில் நிற்பவருக்கு எடை பாதத்தில் இறங்கும், திரும்பும்போது முழங்கால் மடங்கும். தொங்குகிறவருக்கோ கட்டியிருக்கும் இடம்தான் முதலில் நகரும், கால் பின்னால் இழுபட்டு வரும். திருவிழாவில் பறவைக்காவடி பார்த்தவர்களுக்கு இந்த அசைவு சட்டென்று பிடிபடும்.

ஆனால் மிதப்பதெல்லாம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அடுத்த ஆண்டே லெக்சஸ் நிறுவனம் பார்சிலோனா பக்கம் ஒரு பலகையை உண்மையாகவே மிதக்கவிட்டது. உள்ளே திரவ நைட்ரஜனில் குளிர்ந்த மீகடத்திகள், அதாவது கடும் குளிரில் காந்தத்துக்கு மேல் மிதக்கும் பொருள்கள். ஓரத்தில் வெள்ளையாகப் புகை வழியும். விஷயம் தரையில் இருந்தது. அந்த மைதானத்துக்கு அடியில் காந்தப் பாதை புதைத்திருந்தார்கள். நம் தெருவில் வைத்தால் அது வெறும் பலகைதான். அதனால், ஓடும் இடத்தை யார் போட்டது என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம், வீடியோவில் வரும் கண்ணாடிகளில் என்ன தெரிகிறது என்று பார்க்காமல் விடாதீர்கள். 2012ல் நோக்கியா லூமியா 920 போனில் எடுத்தது போலக் காட்டிய விளம்பரத்தில், ஒரு ஜன்னல் கண்ணாடியில் பெரிய கேமராவோடு ஒருவர் தெரிந்துவிட்டார். நோக்கியா மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

சரி, உங்கள் வீடியோ. அவர் கால் வைக்கும் நொடியில் காட்சி வெட்டுப்படுகிறது. ஏறுவதும் இறங்குவதும் ஒருமுறைகூட முழுதாக இல்லை. ஆள் ஏறும்போது பலகை துளியாவது அமுங்க வேண்டும், அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள். சாதாரணத் தார் ரோட்டில், வெட்டாமல், ஏறி இறங்குவதைக் காட்டச் சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள். அது வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.