எண்ணிக்கை சீரானதும் மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். ஏழு மாதங்களுக்கு முன் வெள்ளை அணுக்கள் 1,80,000 வரை ஏறி, சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். தினமும் இமாட்டினிப் 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். இப்போது எண்ணிக்கை சரியாகிவிட்டது. கெண்டைக்கால் இழுக்கிறது என்று ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாத்திரை போடுகிறார். டாக்டரோ ஐந்து நிமிடம் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் விலை கூடிய பி.சி.ஆர். (PCR) பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். அது தேவைதானா?
— வாசகி, மும்பை

பதில்: தேவைதான், சகோதரி. அதைவிட அவசரமானது, உங்கள் கணவர் மருத்துவர் எழுதித் தந்த அளவுக்கு இன்றே திரும்புவது.

இந்த நோயில் 9, 22 ஆகிய இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற பிறழ்ந்த மரபணு உருவாகி, வெள்ளை அணுக்களைப் பெருக்கிக்கொண்டே இருக்கும்படி எலும்பு மஜ்ஜையை ஓயாமல் தூண்டுகிறது. இமாட்டினிப் அந்தத் தூண்டுதலை அடைக்கிறது. அடைப்பு நீடிக்க, ரத்தத்தில் மருந்தின் அளவு நாள்தோறும் குறையாமல் இருக்க வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை சீராகத் தெரிந்தாலும், பிறழ்ந்த செல்கள் மஜ்ஜையில் கோடிக்கணக்கில் மிஞ்சியிருக்கக்கூடும். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாததால்தான் நோயாளிக்கு அது தெரிவதில்லை. மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் மாத்திரையைத் தவறவிடுபவர்களுக்கு நோய் ஆழமாகக் கட்டுப்படும் வாய்ப்பு வெகுவாகக் குறைவதை 2010-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் கணவர் பதினைந்து நாள் விடுகிறார்.

மிஞ்சியிருப்பதை அளக்கும் கருவிதான் பி.சி.ஆர். (PCR) பரிசோதனை. அந்தப் பிறழ்ந்த மரபணு ரத்தத்தில் எத்தனை சதவீதம் என்று அது காட்டும். மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஆறாம் மாதம் 1 சதவீதத்துக்குள், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது பொதுவான இலக்கு. எண்ணிக்கை கெடுவதற்கு மாதங்கள் முன்பே இந்தச் சதவீதம் ஏறத் தொடங்கிவிடும். மருந்தை மாற்ற மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான். அந்த அவகாசம் நழுவி, நோய் கடுமையான லுக்கீமியாவாக (வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோயாக) முற்றிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. மருத்துவர் பார்க்கும் காகிதத்தில் இருப்பது இந்தக் கணக்கு. இடது விலா எலும்புக்குக் கீழே அவர் கை வைத்து அழுத்தியிருந்தால், மண்ணீரல் மறுபடி வீங்குகிறதா என்று பார்த்திருப்பார். ஆனாலும் இதையெல்லாம் உங்களிடம் இரண்டு வாக்கியங்களில் சொல்லியிருக்க வேண்டியது மருத்துவர்களான எங்கள் தரப்பின் கடமை. உங்கள் மனக்குறை நியாயமானது.

கெண்டைக்கால் இழுப்பும் காலையில் கண்ணிமை வீக்கமும் இந்த மருந்தில் அடிக்கடி வருபவை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கச் சொல்லவில்லை. சோற்றுடன், பெரிய தம்ளர் நிறையத் தண்ணீரோடு மாத்திரையைச் சாப்பிடட்டும். இழுப்பு நீடித்தால் கால்சியம், மெக்னீசியம் அளவுகளைப் பார்த்து ஈடு செய்யலாம். முடியாவிட்டால் வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. வேறு மருந்தோ நாட்டு மருந்தோ சேர்ப்பதானால் முதலில் கேளுங்கள். பம்பளிமாஸ் பழம் வேண்டாம்.

செலவு பெரிய சுமை என்பதை அறிவேன். ஒரு காலத்தில் அசல் மருந்துக்கு மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் ஆனது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை மறுத்ததால், நம் நாட்டு நிறுவனங்கள் குறைந்த விலையில் தொடர்ந்து தயாரிக்க முடிந்தது. பரிசோதனைக் கட்டணத்துக்கு உதவி உண்டா என்று மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் கேளுங்கள்.

பல ஆண்டுகள் ஆழ்ந்த கட்டுப்பாட்டில் இருப்பவர்களில் சிலருக்கு, நெருங்கிய கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்ப்பதுண்டு. ஏழாம் மாதத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்த முறை போகும்போது மாத்திரை விட்ட நாட்களை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மறைத்தால், சதவீதம் இறங்காததைப் பார்க்கும் மருத்துவர் மருந்தே பலிக்கவில்லை என்று முடிவு செய்து, தேவையில்லாமல் விலை கூடிய இன்னொன்றுக்கு மாற்றிவிடக்கூடும்.