காதோரத்துக் கோடும் ஆவணிக் கல்யாணமும்

கேள்வி: எனக்கு 56 வயது. நீரிழிவு என்று தெரிந்தபிறகு சோற்றைக் குறைத்து, காலையும் மாலையும் நடந்து 28 கிலோ இறக்கினேன். உடம்பு இறங்கியது, கழுத்துத் தோல் மட்டும் பை மாதிரித் தொங்கிப்போனது. கனடாவில் இருக்கும் மகள் காசு அனுப்ப, சித்திரை வருசப்பிறப்பு முடிந்த கையோடு சென்னைக்குப் போய் கழுத்துத் தோலை இழுத்துத் தைக்கும் ஒப்பரேஷன் செய்துகொண்டேன். இப்போது 9 கிழமை. கழுத்து வடிவாக இருக்கிறது. ஆனால் காதுகளுக்குப் பின்னால் கோடு சிவந்து, தடித்து, கடிக்கிறது. இடது காதுச் சோணைக்குக் கீழே சின்னதாக ஒரு உருண்டை கையில் தட்டுப்படுகிறது. சோணை மரத்துக் கிடக்கிறது. மாமிக்கு மட்டும் தெரியும்; அவ மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்கிறா. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சந்தேகம் வரக்கூடாதென்று 10ஆம் நாளே தேங்காய் துருவத் திருவலையில் குந்திவிட்டேன். முந்தானையால் மூடிக்கொண்டு திரிகிறேன். ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். தழும்பு இப்படியே நின்றுவிடுமா? ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தக் குளத்தில் முழுகலாமா? இந்த வயதில் இது தேவையா என்று நினைத்து நித்திரையும் இல்லை.
பெயர் வேண்டாம், ஆரையம்பதி

பதில்:

அன்புத் தங்கச்சி,

இப்படியே நிற்காது. இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

இரண்டாம், மூன்றாம் மாதம்தான் தழும்பு கண்ணுக்கு ஆக மோசமாகத் தெரிகிற காலம். வெட்டிய இடத்தை அடைக்க உடம்பு அவசர அவசரமாக நாரை அள்ளிப் போடுகிறது. அந்த வேலைக்கு இரத்தம் வேண்டும் என்பதால் புதிதாகச் சின்னச் சின்ன இரத்தக் குழாய்களும் முளைக்கின்றன. நீங்கள் பார்க்கும் சிவப்பு அந்த இரத்தம், தடிப்பு அந்த நார். பிறகு உடம்பு ஆறுதலாக இருந்து, மேலதிகமாகப் போட்டதைக் கரைத்து, மிச்சத்தை ஒழுங்காக அடுக்கும். அதற்கு 12 மாதத்திலிருந்து 18 மாதம் வரை எடுக்கும். என் அம்மாவுக்குக் கழுத்துக் கழலை எடுத்தபோது, மூன்றாம் மாதம் தொண்டைக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டினது போல இருந்தது. அம்மா கண்ணாடி பார்ப்பதையே விட்டா. ஒன்றரை வருடம் போனபிறகு எது தழும்பு, எது கழுத்துச் சுருக்கம் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு வெட்டு காதைச் சுற்றிப் பின்னால் மயிருக்குள் போகிறது, நாடிக்குக் கீழே இருந்தாலும் அது சின்னக் கோடு. மறையக்கூடிய இடம் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த உருண்டை வேறு கதை. அதைக் கடிதத்தை வைத்து நான் தீர்மானிக்க மாட்டேன். தடித்த தழும்பு வெட்டிய கோட்டுக்குள்ளேயே நிற்கும், காலம் போகப் போக அமரும். கெலோயிட் என்கிற தழும்பு அப்படியில்லை, கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் பரவும், தானாக இறங்காது. அது விரும்பி வருகிற இடங்களில் காதுச் சோணையும் ஒன்று. எங்களைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலுக்கு அது வரும் வாய்ப்பும் கூட. உங்களுக்குக் காது குத்திய இடம் முன்பு எப்போதாவது தடித்ததா? கைத்தசையில் ஊசி போட்ட தழும்பு மேடாக இருக்கிறதா? தாய், சகோதரங்களில் யாருக்கும் உண்டா? இதற்கெல்லாம் விடை தெரிந்துகொண்டு, கல்யாண வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், இந்தக் கிழமையே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். சென்னையில் தந்த டிஸ்சார்ஜ் அட்டையையும் கொண்டுபோங்கள். கெலோயிட் என்றால் உருண்டைக்குள்ளேயே ஸ்டெரோயிட் ஊசி போடுவார்கள், வழக்கமாக 4 முதல் 6 கிழமைக்கு ஒரு தடவை. சின்னதாக இருக்கும்போது தொடங்கினால் நன்றாகக் கேட்கும். நீரிழிவு இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்து சில நாளைக்குச் சீனியை ஏற்றக்கூடியது.

மாமியின் மஞ்சளை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். புதுத் தோலில் அது எரிச்சல் கிளப்பும், கறையும் பிடிக்கும். கடையில் விற்கிற வெள்ளையாக்கும் கிரீம்களை அதைவிடத் தூரத்தில் வையுங்கள். சிலதில் பாதரசம் கலந்திருக்கும். தழும்புக்குப் பலன் தருவது என்று நம்பிச் சொல்லக்கூடியது சிலிக்கன். பார்மசியில் ஜெல்லாகவும் ஒட்டும் தாளாகவும் கிடைக்கும். தாள் என்றால் ஒரு நாளைக்கு 12 மணித்தியாலமாவது ஒட்டியிருக்க வேண்டும். இந்தக் கச்சான் காற்று வெக்கையில் காதுக்குப் பின்னால் அது வியர்த்து வழுக்கிவிடும், வேர்க்குருவும் போடும். உங்களுக்கு ஜெல்தான் சரி. கழுவி, ஈரம் ஒற்றி, காலையும் இரவும் மெல்லிசாக, குறைந்தது 3 மாதம். புண்ணோ பொருக்கோ இல்லாத இடத்தில் மட்டும் பூசுங்கள். விரல் நுனியால் மெதுவாக அழுத்தி வட்டமாகத் தடவிக்கொடுப்பதும் நல்லது, ஆனால் உருண்டையை மட்டும் வைத்தியர் பார்க்கும்வரை நோண்ட வேண்டாம். கடித்தால் சொறியாமல், ஈரத் துணியை ஒற்றுங்கள்.

முந்தானை வெயிலுக்கு நல்லது, அதை விட வேண்டாம். புதுத் தழும்பில் வெயில் பட்டால் சிவப்பு போய்க் கறுப்பு குடியேறும், அந்தக் கறுப்பு இறங்க மாதக்கணக்காகும். ஆனால் வீட்டுக்குள்ளும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வியர்வையில் ஊற வைக்காதீர்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். வெற்றிலை போடுவீர்களா? புகையிலையோடு? எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் வைத்தியரிடம் "புகைப்பதில்லை" என்று சொல்லிவிட்டு, மடியில் புகையிலையை முடிந்துகொண்டு வருவதை ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். வாயில் அடக்கினாலும் நிக்கொட்டின் இரத்தத்துக்குத்தான் போகிறது, தோலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயைச் சுருக்குகிறது. கழுத்தில் தோலைக் கிளப்பி இழுத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த ஓரங்களுக்கு வருகிற இரத்தமே கொஞ்சம்தான். போடுகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். சீனியும் கட்டுக்குள் இருக்கட்டும்.

10ஆம் நாளே திருவலையில் குந்தியதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. முதல் இரண்டு மூன்று கிழமை குனிவதும், பாரம் தூக்குவதும், கழுத்தைத் திருப்புவதும் கூடாது. தையல் வெட்டிவிட்டால் தோல் ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. 3 மாதம் போனாலும் பழைய தோலின் பலத்தில் கிட்டத்தட்ட 80 வீதம்தான் திரும்பியிருக்கும். நல்லகாலம், உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது வீட்டு வேலை செய்யலாம், பயப்பட வேண்டாம்.

சோணைக்கு உணர்வு கொடுக்கிற நரம்பு கழுத்துத் தசையின் மேலால்தான் ஓடுகிறது. தோலைக் கிளப்பும்போது அதன் கிளைகள் பாதிக்கப்படும். உணர்வு மெல்ல மெல்லத் திரும்பும், ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை பாரமான தோடும் ஜிமிக்கியும் வேண்டாம், கல்யாணத்துக்கும் வேண்டாம். சோணை இழுபட்டாலும் கிழிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. சலூனில் சூடான ட்ரையரைக் காதோரம் பிடிக்க விடாதீர்கள். கொண்டையைத் தாழக் கட்டி இரண்டு முழம் மல்லிகை வைத்தால் காதுக்குப் பின்னால் உள்ளது மறைந்துவிடும். அட்டியல் போடலாம், அது தழும்பில் முட்டாது.

மாமாங்கத்தில் முழுகலாம். எங்கேயும் ஒரு துளி நீர் கசிவு, ஒரு பொருக்குக்கூட இல்லை என்றால் மட்டும். விடியற்காலையில் முழுகி, வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவி, காதுக்குப் பின்னால் ஈரம் போகத் துடையுங்கள். இதற்கிடையில் கோடு திடீரென வீங்கி நொந்தாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் காய்ந்தாலும் தீர்த்தத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த வயதில் தேவையா என்று கேட்டிருந்தீர்கள். வருடக்கணக்காக இழுபட்டு நெகிழ்ந்த தோல், எவ்வளவு நடந்தாலும் சுருங்காது. 28 கிலோ இறக்கியது உங்கள் உழைப்பு. அதன் மிச்சத்தை வைத்தியர் எடுத்திருக்கிறார். இதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கவலை இதை ஒளிப்பதில்தான். ஒளிக்கப்போய்த்தான் 10ஆம் நாள் திருவலையில் குந்தினீர்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. கேட்கிறவர்களிடம் "கழுத்தில் ஒரு ஒப்பரேஷன், ஆறி வருகுது" என்றால் போதும், அதில் பொய்யும் இல்லை. ஆனால் காதுக்குப் பின்னால் நீங்களே பார்க்க முடியாது. உருண்டை பெரிதாகிறதா, சிவப்பு கோட்டைத் தாண்டுகிறதா என்று கிழமைக்கு ஒரு தடவையாவது யாராவது பார்க்க வேண்டும், ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வைக்க வேண்டும். மாமிக்கு இந்த வயதில் கண் எவ்வளவு தெரியுமோ. நம்பிக்கையான ஒரு மச்சாளைக் கூப்பிட்டு, முந்தானையை விலக்கிக் காட்டுங்கள். ஜெல்லையும் அவவே பூசிவிடட்டும்.