ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவின் கருவி தென்கொரியாவில் ஏன் ஹூண்டாய் பெயரில் விற்கப்பட்டது?

ஆமாம், கார் செய்யும் ஹூண்டாய் குழுமம்தான். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் பட்ட காயம் தென்கொரியர்களுக்கு ஆறவே இல்லை. ஜப்பானியப் படம், பாட்டு போன்றவற்றுக்கு அங்கே நெடுங்காலம் தடை இருந்தது. 1998க்குப் பிறகுதான் படிப்படியாகத் தளர்ந்தது. அதனால் ஜப்பானிய கேம் கருவிகள் உள்ளூர் நிறுவனங்களின் பெயரைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தன. நின்டெண்டோவின் என்இஎஸ் என்ற, டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவியை ஹூண்டாய் எலெக்ட்ரானிக்ஸ் 1989இல் 'கம்பாய்' என்று விற்றது. அதே ஆண்டு, இன்னொரு ஜப்பானிய கேம் நிறுவனமான சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் என்ற கருவி சாம்சங்கின் 'கேம்பாய்' ஆனது. நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்! இவை போலிகள் அல்ல, முறையான உரிமத்தோடு வந்தவை. அந்த ஹூண்டாய் எலெக்ட்ரானிக்ஸ்தான் அப்புறம் மெமரி சிப் செய்யும் ஹைனிக்ஸாக மாறியது.