ஓடைக் கல்லின் வழவழப்பு

கேள்வி: ஓடை நீரைக் குடுவையில் எடுத்துச் சோதித்தால் போதாதா? கல்லில் படியும் டயாட்டம் என்ற நுண்பாசியை ஏன் ஆராய்கிறார்கள்?

பதில்: குடுவை நீர் அந்த வேளையின் நிலையை மட்டுமே சொல்லும், நேற்றிரவு கலந்த கழிவு விடிவதற்குள் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். கல்லோடு ஒட்டி வாழும் டயாட்டங்களில் எந்த இனம் பெருகியது, எது மறைந்தது என்பதிலோ கடந்த சில வாரங்களில் நீர் இருந்த நிலை பதிந்திருக்கும். கல்லின் மேற்புறத்தில் விரலுக்கு வழவழவென்று தட்டுப்படும் பழுப்புப் படலத்தைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தெடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கினால், உயிர்ப்பொருள் சிதைந்து, கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுகள் எஞ்சும். அவற்றை 1,000 மடங்கு பெரிதாக்கி, 300 முதல் 400 வரை எண்ணுவார்கள். நிட்ஷியா பாலியா என்ற டயாட்டம் இனம் மிகுந்திருந்தால் சாக்கடைக் கலப்பை ஐயுறலாம். எனினும், 1948இல் பென்சில்வேனியாவின் கானஸ்டோகா ஆற்றுப்படுகையை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் ரூத் பேட்ரிக், ஓர் இனத்தை மட்டும் நம்பாமல் மொத்த உயிரினத் தொகுதியையும் நோக்கியதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.